ஆர்.ஓ. குரூப்பில் மெசேஜ் வந்தாலே வயிறு பிசைகிறது: எனக்கு வேலை பிடிக்கவில்லையா, போன் பிடிக்கவில்லையா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். பொதுத்துறை வங்கி ஒன்றில் ஆறு ஆண்டுகளாக அதிகாரியாக இருக்கிறீர்கள். ஆர்.ஓ. என்கிற ரீஜனல் ஆபீஸ் குரூப் உட்படப் பதினொரு வாட்ஸ்அப் குரூப்பில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு அன்றைய டார்கெட் வருகிறது, மதியம் இரண்டுக்கு 'நிலவரம் என்ன' என்று வருகிறது, இரவு எட்டரைக்கு வீடியோ மீட்டிங். 'டிஜிட்டல் ஸ்ட்ரெஸ் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, அது வேலைத் திருப்தியைக் குறைக்கும் என்று ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார்களா' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள்: 'கவுன்ட்டரில் உட்கார்ந்தால் இப்போதும் எனக்கு இந்த வேலை பிடிக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிறு பிசைகிறது, ராஜினாமா செய்துவிடலாமா என்று தோன்றுகிறது.' இதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. கோளாறு உங்களிடமா, வேலையிலா, அல்லது வேலையைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்ட போனிலா? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. 1994-ல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளைகளில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அப்புறம் பதினோரு ஆண்டுகள் ஊழியர் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்தேன். இடையில் அஞ்சல் வழியில் உளவியலில் முதுகலை படித்தேன். பணியிட மன அழுத்தம்தான் பயிற்சி நிலையத்தில் என் பாடம். நான் மருத்துவர் இல்லை. உங்கள் கிளையையும் உங்கள் மேலாளரையும் எனக்குத் தெரியாது. ஆகவே ஆய்வுகள் உறுதியாகச் சொல்வது எது, ஆய்வாளர்களுக்கே இன்னும் தீராத சந்தேகம் எது, என் அனுபவத்தை மட்டும் வைத்து நான் சொல்வது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

டிஜிட்டல் அழுத்தம் உண்மையா என்றால், உண்மைதான். புதிய சங்கதியும் இல்லை. கிரெய்க் பிராட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984-லேயே இதற்கு 'டெக்னோஸ்ட்ரெஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். புதிய கம்ப்யூட்டர் தொழில்நுட்பத்தோடு ஆரோக்கியமான முறையில் ஒத்துப்போக முடியாததால் வரும் கோளாறு என்று அதை விளக்கினார். அதே காலத்தில் நம் வங்கிகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1983-ல் வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் இயந்திரமயம் பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டன. 1984-ல் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, வங்கிகளில் கம்ப்யூட்டரைக் கொண்டுவருவது பற்றி அறிக்கை கொடுத்தது. அன்றைக்கு ஊழியர்களின் பெரிய பயம், மெஷின் வந்தால் வேலை போய்விடும் என்பது. வேலை போகாது, வேலை நம்மோடு வீட்டுக்கு வரும் என்று நான் சேர்ந்த காலத்தில்கூட யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நான் சேர்ந்த கிளையில் லெட்ஜர்தான். சாயங்காலம் கேஷ் டேலி ஆகவேண்டும், டே புக் டேலி ஆகவேண்டும். பத்துப் பைசா வித்தியாசம் வந்தாலும் உட்கார்ந்து தேடவேண்டும். அரையாண்டு கணக்கு முடிக்கும்போது இரவு பதினொரு மணி ஆன நாட்களும் உண்டு. அந்த வேலை எளிது என்று நான் சொல்லமாட்டேன், முதுகு ஒடிந்துபோகும். ஆனால் டேலி ஆனதும் லெட்ஜரை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டுவோம். சாவி திரும்பும் சத்தத்தோடு அன்றைய வேலை முடிந்தது. மறுநாள் காலை வரை அது நம்மைத் தேடி வராது, வர வழியும் இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப இங்கே வரவேண்டியிருக்கிறது.

ஆராய்ச்சிக்கு வருகிறேன். இந்தத் துறையில் படிக்கிறவர்கள் அடிக்கடி திரும்பிப் போகும் ஓர் ஆய்வு 2008-ல் வெளிவந்தது. மோனிதீபா தரஃப்தார் உள்ளிட்ட நால்வர், பல நிறுவனங்களில் கம்ப்யூட்டரில் வேலை செய்யும் 608 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆராய்ந்தார்கள். அழுத்தம் ஐந்து வழிகளில் வருகிறது என்பது அவர்கள் பார்வை. மூன்றை வேகமாகச் சொல்லிவிடலாம்: மென்பொருள் புரியாத அளவுக்குச் சிக்கலாக இருப்பது, அதை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பது, நம்மைவிட இது தெரிந்தவன் நம் இடத்துக்கு வந்துவிடுவான் என்ற பயம். உங்களுக்கு ஆறு ஆண்டு அனுபவம்தான் ஆகிறது, கம்ப்யூட்டர் பழகியவர். இந்த மூன்றும் உங்களைப் பெரிதாகத் தொட்டிருக்காது. மற்ற இரண்டுதான் உங்கள் கதை. ஒன்று, சுமை: கருவி வேகமாக இருப்பதால் மனிதனும் அதே வேகத்தில், அதிக நேரம் ஓடவேண்டியிருப்பது. இன்னொன்று, ஊடுருவல்: எப்போதும் தொடர்பில் இருப்பதால் வீடு எது அலுவலகம் எது என்ற கோடு அழிந்துபோவது. இந்த ஐந்தும் கூடக்கூட வேலைத் திருப்தி குறைகிறது, திருப்தி குறையும்போது நிறுவனத்தின் மேல் இருக்கும் பிடிப்பும், அங்கேயே தொடரவேண்டும் என்ற எண்ணமும் குறைகின்றன என்று அவர்கள் கண்டார்கள். ராஜினாமா எண்ணம் உங்களுக்கு மட்டும் வந்த விசித்திரம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதே ஆய்வில், வயது கூடக்கூட இந்த அழுத்தம் குறைவாகவே தெரிந்தது. இளையவர்களுக்கு போன் பழக்கம், அதனால் அவர்களைப் பாதிக்காது என்று உங்கள் மேலாளர் சொன்னால் அதை அப்படியே நம்பவேண்டாம்.

இங்கே நான் ஒரு சந்தேகத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இப்படிப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே நேரத்தில், ஒரே ஆளிடம் இரண்டு கேள்வியையும் கேட்பவை. உங்களுக்கு அழுத்தம் எவ்வளவு, திருப்தி எவ்வளவு என்று. இரண்டும் சேர்ந்து போகின்றன என்பது அதில் தெரியும். எது எதற்குக் காரணம் என்பது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஏற்கெனவே வேலை கசந்துபோனவருக்கு சாதாரண மெசேஜ்கூட முள்ளாகக் குத்தலாம் இல்லையா? அதனால் கேள்வித்தாளை மட்டும் நம்பாமல் சோதனை முறையில் செய்த ஆய்வுகளையும் பார்க்கவேண்டும்.

அப்படி ஒன்று 2015-ல் வந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கொஸ்டாடின் குஷ்லேவும் எலிசபெத் டன்னும் 124 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வாரம் மின்னஞ்சலை ஒரு நாளைக்கு மூன்று தடவை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். இன்னொரு வாரம் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆள் அதே ஆள், வேலை அதே வேலை. குறைவாகப் பார்த்த வாரத்தில் அன்றாட மன அழுத்தம் குறைந்திருந்தது. அடிக்கடி பார்ப்பதே ஒரு காரணம்தான் என்று இதை வைத்து ஓரளவு துணிந்து சொல்லலாம்.

இன்னொரு சோதனை 2008-ல் குளோரியா மார்க்கும் சக ஆய்வாளர்களும் செய்தது. 48 மாணவர்களுக்கு அலுவலக வேலை மாதிரி ஒன்றைக் கொடுத்து, சிலரை இடையிடையே கூப்பிட்டுக் குறுக்கிட்டார்கள். குறுக்கிடப்பட்டவர்கள் தாமதமாக முடிப்பார்கள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. அவர்கள் சீக்கிரமாகவே முடித்தார்கள், தரமும் குறையவில்லை. ஆனால் எரிச்சல், அவசர உணர்வு, மனச்சுமை எல்லாம் கூடியிருந்தன. அதாவது, தொலைந்த நேரத்தை ஈடுகட்ட மனிதன் தானாகவே வேகத்தைக் கூட்டுகிறான், அதற்கான விலையைத் தன் நரம்பிலிருந்து கொடுக்கிறான்.

இந்த ஒரு ஆய்வைப் பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு மேலாளர் குழுவுக்கும் சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் மேலே இருப்பவர்களுக்கு இது ஏன் தெரியாமல் போகிறது என்பதை இது விளக்குகிறது. நீங்கள் நகைக்கடன் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், எதிரே அந்த அம்மா தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், எடை சரிபார்க்கவேண்டும். அந்த நேரத்தில் குரூப்பில் 'பதினொரு மணிக்குள் நிலவரம் அனுப்பவும்' என்று வருகிறது. நீங்கள் அதையும் அனுப்பிவிடுகிறீர்கள், கடனையும் சரியாகப் போட்டுவிடுகிறீர்கள். ஆர்.ஓ.-வில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இரண்டும் முடிந்த வேலை. நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தது எந்த எக்ஸெல் ஷீட்டிலும் வராது. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் தொடர்ந்து அனுப்புகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அனுப்புவதால் ஏதாவது நஷ்டம் என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. மாணவர்கள், மின்னஞ்சல், மேலைநாட்டு அலுவலகம். நம் கிளை வாட்ஸ்அப் குரூப் வேறு மாதிரி. மின்னஞ்சல் தனிக் கடிதம். குரூப்பில் நூற்றைம்பது பேர் பார்க்க, 'இன்றும் கணக்குத் திறக்காத கிளைகள்' என்று பட்டியல் போடுகிறார்கள். அது வேலைச் செய்தி மட்டும் இல்லை, ஊர் நடுவே நிறுத்திவைப்பது. நீல டிக் வந்த பிறகு பார்க்கவில்லை என்றும் சொல்லமுடியாது. ஆகவே அந்த ஆய்வுகளில் கண்ட பாதிப்பைவிட நம் இடத்தில் அது கடுமையாக இருக்கும் என்பது என் கணிப்பு. கணிப்புதான், ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கு மெசேஜ் அதிகம் வருவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஏன் வயிறு பிசைகிறது? 2016-ல் லியூபா பெல்கினும் இரு சக ஆய்வாளர்களும் இதைத்தான் பிடித்தார்கள். வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலக மின்னஞ்சலில் எவ்வளவு நேரம் செலவழிகிறது என்பதைவிட, எப்போது வந்தாலும் பதில் சொல்லவேண்டும் என்று நிறுவனம் எதிர்பார்க்கிறதே, அந்த எதிர்பார்ப்பே மனிதனைக் களைப்பாக்குகிறது என்று கண்டார்கள். ஒரு மெசேஜும் வராத ஞாயிறும் காவல் காத்த ஞாயிறுதான். வாசலில் யாரோ வரப்போகிறார்கள் என்று தெரிந்தால் சோற்றில் கை வைத்தபடியே காது வாசலில் இருக்குமே, அதுபோல. இந்த எதிர்பார்ப்பு ஊழியரோடு நிற்காமல் வீட்டில் இருக்கும் துணையின் நலத்தையும் பாதிக்கிறது என்று அடுத்த சில ஆண்டுகளில் இன்னோர் ஆய்வும் வந்தது. ஜெர்மனியின் சபீன் சொன்னென்டாக் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதையொட்டியதே: உடல் வீட்டுக்கு வந்தால் போதாது, மனமும் வேலையிலிருந்து விலகினால்தான் மறுநாளுக்குத் தெம்பு ஊறும்.

நான் லெட்ஜர் அலமாரியைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். அன்றைக்கு வேலை நேரம் சில சமயம் இன்றைவிட நீளம். ஆனால் முடிவு என்று ஒன்று இருந்தது. உங்கள் வேலைக்கு அதை யாரோ எடுத்துவிட்டார்கள். இந்த டார்கெட் முடிந்தால் அடுத்த டார்கெட், ஏதாவது ஒரு திட்டத்துக்கென்று ஒதுக்கும் 'லாகின் டே' ஒன்று முடிந்தால் அடுத்தது. மனிதனுக்குத் திருப்தி வருவது பெரும்பாலும் 'முடித்தேன்' என்கிற இடத்தில். அந்த இடமே இல்லாத வேலையில் திருப்தி எங்கே வந்து உட்காரும்? என் இத்தனை வருட அனுபவத்தில் நான் உறுதியாக நம்பும் ஒரு விஷயம் என்றால் இதுதான்.

இன்னொன்றும் உண்டு, அது கொஞ்சம் வலிக்கும் விஷயம். வேலையைச் செய்வதைவிட, செய்ததைக் காட்டுவது பெரிதாகிவிட்டது. பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அதிகாரி சொன்னதை மறக்கமுடியவில்லை. பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு உங்களுக்குத் தெரியும். இப்போது ஆண்டுக்கு 436 ரூபாய், அவர் சொன்ன சமயத்தில் 330 ரூபாய். இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அவருடைய கிளையில் ஒரு கட்டடத் தொழிலாளி சேர்ந்திருந்தார், விபத்தில் இறந்துபோனார். அவர் மனைவிக்கு இப்படி ஒரு காப்பீடு இருப்பதே தெரியாது. பாஸ்புக்கில் அந்த 330 ரூபாய் கழிந்திருப்பதை இந்த அதிகாரிதான் கவனித்து, படிவம் வாங்கி, இறப்புச் சான்றிதழுக்கு இரண்டு தடவை அலையவைக்காமல் தானே பேசி, பணத்தை வாங்கிக்கொடுத்தார். அன்று இரவு வீட்டில் தன் அம்மாவிடம் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாராம், சந்தோஷத்தில். மறுநாள் காலை குரூப்பில் அவருடைய கிளை கடைசி வரிசையில் இருந்தது, புதிய சேர்க்கை குறைவு என்று. கிளெய்ம் வாங்கிக்கொடுத்ததற்கு அந்தப் பட்டியலில் கட்டமே கிடையாது. 'நான் செய்த நல்ல வேலை எதுவும் அந்தக் குரூப்பில் இல்லை சார்' என்றார். டிஜிட்டல் அழுத்தம் வேலைத் திருப்தியை எப்படித் தின்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வரும்.

ஒரே வேலையைப் பிடிக்கவும் செய்கிறது, வெறுக்கவும் செய்கிறேன், நான் குழம்பியிருக்கிறேனா என்று நீங்கள் நினைக்கவேண்டாம். பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்பவர் 1959-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் இருநூறு பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசியபோது, அவர்களுக்குத் திருப்தி கொடுத்தவை ஒரு வகை, எரிச்சல் கொடுத்தவை வேறு வகை என்று கண்டார். வேலையின் உள்ளடக்கமும் அதில் கிடைக்கும் சாதனையும் திருப்தியைத் தந்தன. மேற்பார்வை, நிர்வாக முறை, சூழல் போன்றவை அதிருப்தியைத் தந்தன. அவருடைய முறையில் குறைகள் உண்டு என்று பின்னால் பலர் வாதாடினார்கள், அது நியாயமான வாதம்தான். மனிதர்கள் நல்லதைத் தன் கணக்கிலும் கெட்டதை நிறுவனத்தின் கணக்கிலும் எழுதுவது வழக்கம். ஆனாலும் இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டு இல்லை, தனித்தனி தராசு என்ற எண்ணம் உங்களுக்கு உதவும். கவுன்ட்டர் ஒரு தராசு, போன் இன்னொரு தராசு.

கண்காணிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். கிளைவாரியாக நேரலை டேஷ்போர்டு, யார் எத்தனை மணிக்கு லாகின் செய்தார் என்பதெல்லாம். 2022-ல், அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்கிட்ட இரண்டு பெரிய தொகுப்பாய்வுகள் வந்தன. மின்னணுக் கண்காணிப்பால் வேலையின் தரமோ அளவோ கூடியதாகச் சான்று கிடைக்கவில்லை, அழுத்தம் கூடியது, திருப்தி குறைந்தது. இங்கே நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும்: திருப்தி குறைந்த அளவு சிறியது. கண்காணிப்பு மட்டுமே ஒருவரை வேலையை விடவைக்கும் என்று யாராவது சொன்னால் அது மிகை. என்ன பார்க்கிறோம், எதற்குப் பார்க்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லி, அளவோடு வைத்துக்கொள்ளும் இடங்களில் ஊழியர்களின் மனநிலை நன்றாகவே இருக்கிறது என்பதும் அதே ஆய்வுகளில் தெரிகிறது.

டிஜிட்டல் வந்ததே தப்பு என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். நவம்பர் மாதம் என்றால் ஓய்வூதியதாரர்கள் உயிர்வாழ் சான்றிதழுக்காகக் காலை எட்டு மணியிலிருந்து கிளை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். எண்பது வயதுப் பெரியவர்களைப் படியேற்றிக் கூட்டிவந்திருக்கிறேன். 2014-ல் அந்தச் சான்றிதழை டிஜிட்டலாகக் கொடுக்கும் ஜீவன் பிரமாண் வந்ததும் அதில் எத்தனை பேருக்கு நிம்மதி! 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு சின்னச் சின்னப் பணப் பரிமாற்றத்துக்காகக் கவுன்ட்டருக்கு வரவேண்டிய அவசியம் எவ்வளவோ பேருக்குக் குறைந்தது. நான் முன்பு சொன்ன, 608 பேரிடம் செய்த ஆய்விலேயே மறுபக்கமும் இருக்கிறது. முறையான பயிற்சி, கூப்பிட்டால் உதவிக்கு வரும் தொழில்நுட்பப் பிரிவு, புதிய மென்பொருள் கொண்டுவரும்போது அதைப் பயன்படுத்தப்போகிறவர்களையும் கலந்து பேசுவது, இவை இருந்தால் திருப்தி கூடியது. கடைசியாகச் சொன்னதைத்தான் நம் இடங்களில் பெரும்பாலும் செய்வதில்லை. சர்வர் படுத்துவிட்டால் கவுன்ட்டரில் திட்டு வாங்குபவரிடம், அந்த மென்பொருளில் என்ன மாற்றவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

சட்டம் ஏதாவது காப்பாற்றுமா என்றால், இந்தியாவில் இப்போதைக்கு நம்பிச் சாய அப்படி ஒன்றும் இல்லை. பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேச்சு நடத்தவேண்டும். போர்ச்சுகல் 2021-ல் ஒருபடி மேலே போய், ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருக்கும் கடமையை முதலாளி மேல் வைத்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பை மறுக்க ஊழியருக்கு உரிமை உண்டு, அந்த மறுப்பு நியாயமற்றதாக மட்டும் இருக்கக்கூடாது. இங்கே எம்.பி. சுப்ரியா சுலே இதே உரிமைக்காக மக்களவையில் 2018-ல் ஒரு தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா, கொண்டுவந்தார். தனிநபர் மசோதா சட்டமானது கடைசியாக 1970-ல். ஆகவே உங்கள் அதிகாரிகள் சங்கத்தில் இதைப் பேசவைப்பது சட்டத்துக்குக் காத்திருப்பதைவிடப் பயன் தரும். சம்பளமும் இடமாற்றமும் பேசும் கூட்டத்தில் இரவு மீட்டிங்கையும் ஒரு பொருளாக எழுதிக்கொடுங்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தனியாகச் செய்யக்கூடியது கொஞ்சம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரூப்களை மியூட் செய்யுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். எதிர்பார்ப்பு மாறாதவரை மியூட் செய்த போன் இன்னும் அதிகமாகப் பயமுறுத்தும்; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பீர்கள். அதனால் முதலில் எதிர்பார்ப்பைப் பேசித் தீர்க்கவேண்டும். என்னிடம் படித்த ஒரு கிளை மேலாளர் திரும்பிப் போய் ஒரே ஒரு ஏற்பாடு செய்தார். சாயங்காலம் ஆறரைக்குப் பிறகு அவசரம் என்றால் நானே போன் போட்டுக் கூப்பிடுவேன், குரூப்பில் வருவதற்கெல்லாம் காலை பத்து மணிக்கு மேல் பதில் சொன்னால் போதும் என்று. முதல் வாரம் யாரும் நம்பவில்லையாம், எல்லாரும் இரவிலேயே பதில் போட்டார்கள். அவர் அந்தப் பதில்களைக் காலையில்தான் பார்த்தார். இரண்டாவது மாதம் வந்தபோது பழகிவிட்டது. மேலே இருந்து அவருக்கு வந்த நெருக்கடி குறையவில்லை, அதை அவர் தன்னோடு நிறுத்திக்கொண்டார். எல்லா மேலாளராலும் அது முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் மேலாளரிடம் புகாராகப் போகாமல், இந்த ஒரு ஏற்பாட்டை மட்டும் கேட்டுப் பார்க்கலாம். 'அவசரத்துக்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் சார், எடுக்கிறேன்' என்று தொடங்கினால் அவருக்கும் பயம் வராது.

பகலில், கவுன்ட்டரில் ஆள் இருக்கும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பதினொன்று, இரண்டு, ஐந்து என்று மூன்று வேளை பார்ப்பது நடைமுறையில் முடியும். ஆர்.ஓ. நிலவரம் கேட்பதும் கிட்டத்தட்ட அந்த நேரங்களில்தான்.

உடல்நலம் பற்றி ஒரு விஷயம். உலக சுகாதார அமைப்பு 2019-ல் 'பர்ன்அவுட்' என்பதை வேலை தொடர்பான ஒரு நிலையாக வரையறுத்தது. அதை நோய் என்று சொல்லவில்லை. தெம்பெல்லாம் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் அந்நியப்பட்டுக் கசந்துபோவது, செய்யும் வேலையில் திறமை குறைந்ததாக உணர்வது ஆகிய மூன்றையும் அதன் அடையாளமாகச் சொன்னது. நீங்கள் எழுதியதில் மூன்றாவது தெரியவில்லை, இரண்டாவதும் பாதிதான். ஆனால் எழுத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால், நெஞ்சு படபடப்பு நிற்காமல் இருந்தால், சாப்பாடு இறங்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், இரவு எந்நேரமானாலும் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ் சேவை, இலவசம், தமிழில் பேசலாம்.

ராஜினாமா செய்யலாமா என்பதற்கு ஆம், இல்லை என்று நான் சொல்லமுடியாது, சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. பயிற்சியில் இந்த நிலையில் வந்தவர்களிடம் நான் சொல்லும் ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு, மனம் சுருங்கிய ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுதுங்கள், அந்த நேரத்தில் எதிரே இருந்தது எது என்று: வாடிக்கையாளரா, கடன் கோப்பா, சர்வரா, குரூப்பா, மீட்டிங்கா. மனம் மலர்ந்த தடவைகளையும் அதே மாதிரி எழுதுங்கள். போனில் எழுதவேண்டாம், காகிதத்தில் எழுதுங்கள். முதல் பட்டியலில் வாடிக்கையாளரும் கடனுமே நிறைந்திருந்தால் இந்தத் தொழில் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம், வேறு வேலை தேடுவதில் தவறே இல்லை. குரூப்பும் மீட்டிங்குமே நிறைந்திருந்தால், ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் இடமாற்ற விண்ணப்பம் எழுதுங்கள். ஒரே வங்கியில், ஒரே சம்பளத்தில், மேலாளர் மாறினால் வாழ்க்கையே மாறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதி முடித்த பிறகு மனமிருந்தால் அந்த இரண்டு பட்டியலையும் இங்கே போடுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.